பாயின்ட் விதியைப் பார்த்துவிட்டு ஆளை எடுங்கள்: ஃபேண்டஸி ஃபுட்பாலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஆகஸ்ட் மாதம் பாதி கடந்ததும் பெங்களூரில் அமெரிக்க டீம்களோடு வேலை செய்யும் ஆபீஸ்களில் ஓர் அழைப்பு வரத் தொடங்கும். "எங்கள் ஃபேண்டஸி ஃபுட்பால் லீக்கில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா?" பெல்லந்தூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இருக்கும் நம் ஆட்கள் சரி என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் இணையத்தில் 'இந்த ஆண்டின் சிறந்த 100 வீரர்கள்' என்று ஒரு பட்டியலைத் தேடி எடுத்து, அதை மேலிருந்து கீழே பார்த்தபடி ஆள் எடுப்பார்கள். நாலு வாரத்தில் அணி தோற்றுக்கொண்டே இருக்கும், காரணமும் புரியாது.

பெரும்பாலும் காரணம் இதுதான்: அந்தப் பட்டியல் வேறொரு பாயின்ட் முறைக்காகப் போடப்பட்டது. ஃபேண்டஸி ஃபுட்பாலில் ஒரு வீரருக்கு நிலையான மதிப்பு கிடையாது. உங்கள் லீக் எதற்கு எவ்வளவு பாயின்ட் கொடுக்கிறது என்பதுதான் அவருடைய மதிப்பைத் தீர்மானிக்கிறது. புஜாரா ஆடிய காலத்தில் டெஸ்ட் அணிக்கு ஆள் எடுத்திருந்தால் அவரை முதல் வரிசையில் வைத்திருப்போம்; அதே பட்டியலை வைத்துக்கொண்டு இருபது ஓவர் அணிக்கு ஆள் எடுக்க உட்கார்ந்திருக்க மாட்டோம். இங்கேயும் அதேதான்.

நான் பேசப்போவது முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால் பற்றி, அதாவது என்.எஃப்.எல். ஆட்டங்களை வைத்து ஆடும் ஃபேண்டஸி லீக் பற்றி. இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வைத்து ஆடும் ஃபேண்டஸி வேறு. அதன் அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் பாயின்ட் விதி உலகம் முழுக்க ஒன்றே என்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. என்.எஃப்.எல். ஃபேண்டஸியில் ஒவ்வொரு லீக்கும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்ளலாம். பக்கத்து டீமின் லீக்கில் இருக்கும் விதி உங்கள் லீக்கில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் தெரிய வேண்டாம், இவ்வளவு போதும். பந்து வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். ரன்னிங் பேக் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவார், சில சமயம் எறிந்த பந்தைப் பிடிக்கவும் செய்வார். வைட் ரிசீவரின் வேலையே பிடிப்பது. டைட் எண்ட் பாதி நேரம் எதிரணியைத் தடுப்பார், பாதி நேரம் பிடிப்பார். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு பாயின்ட். கிக்கர் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று. ஃபேண்டஸியில் நீங்கள் இந்த நிலைகளுக்கு ஆட்களை எடுத்து ஓர் அணி அமைக்கிறீர்கள். சீசனுக்கு முன்னால் டிராஃப்ட் நாளில் லீக்கில் இருப்பவர்கள் முறைவைத்து, சுற்றுக்கு ஒருவராக ஆள் எடுப்பார்கள்; ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. வழக்கமான அணியில் ஒரு குவார்ட்டர்பேக், இரண்டு ரன்னிங் பேக், இரண்டு வைட் ரிசீவர், ஒரு டைட் எண்ட், ஒரு ஃபிளெக்ஸ், ஒரு கிக்கர் இருப்பார்கள். இவர்களோடு ஒரு முழு அணியின் டிஃபென்ஸையும் எடுக்க வேண்டும். மிச்சப் பேர் பெஞ்சில். ஃபிளெக்ஸ் இடத்தில் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் மூவரில் யாரை வேண்டுமானாலும் வைக்கலாம். நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதை வைத்து உங்கள் அணிக்குப் பாயின்ட் சேரும்.

இந்த விளையாட்டு 1962-ல் பிறந்தது. ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், அணியோடு நியூயார்க் போயிருந்தபோது ஒரு ஹோட்டலில் நண்பர்களோடு உட்கார்ந்து விதிகளை எழுதினார். அடுத்த ஆண்டு எட்டுப் பேரோடு முதல் லீக் தொடங்கியது. அன்றைக்கு முதலில் எடுக்கப்பட்ட வீரர் ஜார்ஜ் பிளாண்டா, குவார்ட்டர்பேக்காகவும் கிக்கராகவும் ஆடியவர். அந்தக் காலத்துக் கணக்கு ஆட்டத்தில் பாயின்ட் எடுத்துத் தந்தவர்களைச் சுற்றியே இருந்தது. செய்தித்தாளில் வரும் புள்ளிவிவரத்தைப் பார்த்துப் பேனாவால் கூட்ட வேண்டும் என்றால் அப்படித்தான் இருக்க முடியும். கணினி வந்த பிறகுதான் ஒவ்வொரு யார்டையும் ஒவ்வொரு பிடியையும் எண்ணும் முறைகள் பரவின.

அடிப்படைக் கணக்கு

ஸ்டாண்டர்ட் என்று சொல்லப்படும் பழைய முறையில் பந்தோடு ஓடினாலும் சரி, பிடித்து முன்னேறினாலும் சரி, பத்து யார்டுக்கு ஒரு பாயின்ட். டச்டவுனுக்கு ஆறு. குவார்ட்டர்பேக் எறியும் யார்டுகள் எளிதில் குவியும் என்பதால் 25 யார்டுக்கு ஒரு பாயின்ட்தான். அவர் எறிந்து விழும் டச்டவுனுக்கு நான்கு. எதிரணி பந்தைப் பறித்தாலோ வீரர் பந்தை நழுவவிட்டு அது எதிரணி கைக்குப் போனாலோ கழிவு உண்டு, பெரும்பாலும் இரண்டு. எதிரணி பறிக்கும் பந்துக்குச் சில இடங்களில் ஒன்றுதான் கழிப்பார்கள். கிக்கருக்குத் தூரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வரை.

இந்தக் கணக்கில் பந்தைப் பிடித்ததற்கென்று தனியாக எதுவும் கிடையாது. ஒருவர் பத்து முறை பிடித்து 60 யார்டு போனாலும், இன்னொருவர் ஒரே முறை பிடித்து 60 யார்டு போனாலும் இருவருக்கும் ஆறு பாயின்ட்தான். இதனால் ஒரு காலத்தில் எல்லாரும் ரன்னிங் பேக் பின்னாலேயே ஓடினார்கள். ஓர் ஆட்டத்தில் இருபது முறை பந்து கையில் வரும் ஆளை விட்டுவிட்டு ஐந்து முறை வரும் ஆளை யார் எடுப்பார்கள்? நல்ல ரன்னிங் பேக்குகள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் முதல் சில சுற்றுகளிலேயே தீர்ந்துபோவார்கள். பின்னால் எடுக்க வந்தவர்கள் சீசன் முழுக்கக் கஷ்டப்படுவார்கள்.

இதைச் சமன்செய்ய வந்ததுதான் பி.பி.ஆர். முறை: ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பாயின்ட். அரை பி.பி.ஆர். என்றால் ஒவ்வொரு பிடிக்கும் அரைப் பாயின்ட். மற்ற எல்லாம் அப்படியே. இந்த ஒரு வரி மாறினால் என்ன நடக்கிறது என்று எண்களில் பார்ப்போம், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

ஜார்விஸ் லாண்ட்ரி என்று ஒரு ரிசீவர். 2017-ல் மயாமி அணிக்கு 112 பந்துகளைப் பிடித்தார். அந்த ஆண்டு லீக்கிலேயே அதுதான் அதிகம். ஆனால் எல்லாம் குட்டிக் குட்டிப் பிடிகள், மொத்தம் 987 யார்டுதான். டச்டவுன் ஒன்பது. இன்னொருவர் டிஷான் ஜாக்சன், மின்னல் ஓட்டக்காரர். 2014-ல் வாஷிங்டன் அணிக்கு 56 முறைதான் பிடித்தார், லாண்ட்ரியின் எண்ணிக்கையில் சரிபாதி. ஆனால் 1,169 யார்டு, ஆறு டச்டவுன்.

ஸ்டாண்டர்ட் முறையில் பிடித்த பந்துகளுக்கான கணக்கைப் போடுங்கள். லாண்ட்ரிக்கு யார்டுக்கு 98.7, டச்டவுனுக்கு 54, மொத்தம் 152.7. ஜாக்சனுக்கு 116.9-உம் 36-உம் சேர்ந்து 152.9. கிட்டத்தட்ட ஒரே ஆள் என்று சொல்லலாம், ஜாக்சன் ஒரு நூலிழை மேலே. இப்போது பி.பி.ஆர். முறையில் அதே ஆட்டங்களை எண்ணுங்கள். லாண்ட்ரிக்கு 264.7, ஜாக்சனுக்கு 208.9. இடைவெளி 56 பாயின்ட். 2014-லிலும் 2017-லிலும் சீசனுக்குப் பதினாறு ஆட்டங்கள். ஆக ஓர் ஆட்டத்துக்கு மூன்றரைப் பாயின்ட் வித்தியாசம். வாரா வாரம் இரண்டு மூன்று பாயின்ட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த விளையாட்டில் சர்வ சாதாரணம். அரை பி.பி.ஆரில் 208.7-உம் 180.9-உம், நடுவில் நிற்கிறது.

எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவரவர் ஆடிய ஆட்டமும் காட்டிய திறமையும் மாறவில்லை. நம் ஏட்டில் ஒரு வரி மாறியதும் ஒருவர் மற்றவரைவிட இரண்டு சுற்று முன்னால் எடுக்கப்பட வேண்டியவர் ஆகிவிட்டார். ஆகவே ஒரு ரேங்கிங் பட்டியலைத் திறந்தால் முதலில் தலைப்பில் அது எந்த முறைக்கானது என்று தேடுங்கள். போடவில்லை என்றால் அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள்.

ரன்னிங் பேக்கிலும் இதே கதைதான், இன்னும் கூர்மையாக. டெரிக் ஹென்றி 2020-ல் டென்னசி அணிக்கு 2,027 யார்டு ஓடினார். ஒரே சீசனில் இரண்டாயிரம் யார்டு தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 17 டச்டவுன். ஆனால் பிடித்தது 19 பந்து, 114 யார்டு. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2019-ல் கரோலினா அணிக்கு 1,387 யார்டு ஓடி, 116 பந்துகளைப் பிடித்து அதில் 1,005 யார்டு எடுத்தார். ஓடியதும் பிடித்ததும் சேர்த்து 19 டச்டவுன். யார்டையும் டச்டவுனையும் மட்டும் எடுத்துக்கொண்டால் ஹென்றி 316.1, மெக்காஃப்ரி 353.2. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். பி.பி.ஆரில் ஹென்றி 335.1, மெக்காஃப்ரி 469.2. இரண்டாயிரம் யார்டு ஓடிய ஒரு மாபெரும் சீசனே பின்தங்கிவிடுகிறது.

பி.பி.ஆர். மேல் ஒரு நியாயமான குறை உண்டு. பந்தைப் பிடித்த இடத்திலேயே விழுந்தாலும் ஒரு பாயின்ட். மூன்று யார்டு பின்னால் தள்ளப்பட்டாலும் 0.7 பாயின்ட் மிஞ்சும். முட்டி மோதி ஒன்பது யார்டு ஓடிய ரன்னிங் பேக்குக்கு 0.9-தான். அணிக்கு உதவாத ஒரு செயலுக்குக் கூலி கொடுக்கிறோமே என்று பழைய ஆட்கள் கேட்பது சரியான கேள்வி. இதனால்தான் சில லீக்குகள் பிடிக்குப் பதிலாக, பத்து யார்டு வாய்ப்பைப் புதுப்பித்துத் தரும் ஃபர்ஸ்ட் டவுனுக்குப் பாயின்ட் கொடுக்கின்றன. அது உண்மையான ஆட்டத்துக்கு நெருக்கமான யோசனை, ஆனால் புதியவர் பின்தொடரக் கொஞ்சம் கஷ்டம். புதிதாக லீக் தொடங்குபவர்களுக்கு நான் அரை பி.பி.ஆரைத்தான் சொல்வேன். ஓடுபவருக்கும் பிடிப்பவருக்கும் அதில் சமமான இடம் கிடைக்கிறது, எந்தப் பக்கமும் அதிகம் சாயவில்லை. யாஹூ செயலியில் அரை பி.பி.ஆரும், ஈ.எஸ்.பி.என். செயலியில் முழு பி.பி.ஆரும் தானாகவே அமைந்திருக்கும். யாரும் எதையும் மாற்றாமல் லீக்கைத் தொடங்கியிருந்தால், எந்தச் செயலி என்று தெரிந்தாலே முறை தெரிந்துவிடும்.

டைட் எண்டுக்கு மட்டும் ஒரு பிடிக்கு ஒன்றரைப் பாயின்ட் கொடுக்கும் லீக்குகளும் உண்டு. அந்த நிலையில் நல்லவர்கள் மிகக் குறைவு. ஆகவே இந்த விதி இருந்தால் முதல் இரண்டு டைட் எண்டுகளில் ஒருவரைச் சீக்கிரமே பிடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

எந்த முறை என்று தெரிந்துவிட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். பி.பி.ஆர். என்றால் டார்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள், அதாவது குவார்ட்டர்பேக் ஒருவரை நோக்கி எத்தனை முறை எறிகிறார் என்பதை. டச்டவுன் ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. டார்கெட் அவ்வளவு எளிதில் மாறாது. ஸ்டாண்டர்ட் என்றால் எல்லைக் கோட்டுக்கு ஐந்து யார்டு இருக்கும்போது பந்து யார் கையில் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். நாள் முழுக்க ஒருவர் ஓடிவிட்டுக் கடைசி இரண்டு யார்டுக்கு இன்னொருவரை இறக்கும் அணிகள் உண்டு. ஸ்டாண்டர்ட் லீக்கில் அந்தக் கடைசி ஆளுக்கே ஆறு பாயின்ட்.

குவார்ட்டர்பேக் விஷயம்

எறியும் டச்டவுனுக்கு நான்கா, ஆறா என்று ஒரு கேள்வி லீக்குக்கு லீக் மாறும். பேட்ரிக் மஹோம்ஸ் 2018-ல் 50 டச்டவுன் எறிந்தார். நான்கு என்றால் 200, ஆறு என்றால் 300. நூறு பாயின்ட் வித்தியாசம். அடுத்த ஆண்டு லமார் ஜாக்சன் 36 டச்டவுன் எறிந்தார். அவருக்கு இந்த மாற்றத்தால் கூடுவது 72. ஆனால் அவர் கூடவே 1,206 யார்டு ஓடினார், ஏழு டச்டவுனையும் ஓடியே எடுத்தார். ஓட்டத்துக்குப் பத்து யார்டுக்கு ஒன்று என்பதால் அந்த யார்டுகள் மட்டும் 120.6 பாயின்ட். அதே தூரத்தை எறிந்து எடுத்திருந்தால் 48 பாயின்ட் கொஞ்சம் சொச்சம்தான். நான்கு பாயின்ட் லீக்கில் ஓடும் குவார்ட்டர்பேக் தங்கம். ஆறு பாயின்ட் லீக்கில், நின்ற இடத்தில் நின்று எறிபவரும் அவருக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்.

சூப்பர்ஃபிளெக்ஸ் என்ற சொல்லை விதிப் பக்கத்தில் பார்த்தால் நிமிர்ந்து உட்காருங்கள். ஃபிளெக்ஸ் இடத்தில் இரண்டாவது குவார்ட்டர்பேக்கையும் வைக்கலாம் என்று அதற்குப் பொருள். என்.எஃப்.எல்.-இல் மொத்தம் 32 அணிகள், ஆக ஒரு வாரத்தில் ஆடத் தொடங்குகிற குவார்ட்டர்பேக் அதிகபட்சம் 32 பேர். பன்னிரண்டு பேர் லீக்கில் ஆளுக்கு இரண்டு என்றால் 24 பேர் போய்விடுவார்கள். ஒவ்வொரு அணிக்கும் சீசனில் ஒரு வாரம் ஓய்வு உண்டு என்பதால் மூன்றாவது ஆளும் தேவைப்படும். சாதாரண லீக்கில் எட்டாவது சுற்றுவரை குவார்ட்டர்பேக்கைத் தொடாமல் இருக்கலாம். இங்கே அப்படி இருந்தால் சீசன் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும்.

சின்ன விதிகள் சில இருக்கின்றன, வேகமாகப் பார்த்துவிடலாம். புள்ளிக்குப் பின்னால் எண்ணுகிறார்களா என்று பாருங்கள். 59 யார்டுக்கு 5.9 தருவதும் உண்டு, முழு எண்ணாகக் குறைத்து ஐந்தே தருவதும் உண்டு. பத்தில் ஒரு பங்குவரை எண்ணும் லீக்தான் நியாயமானது, சமநிலையும் அரிதாகத்தான் வரும். நூறு யார்டு தாண்டினால் போனஸ் என்று சிலர் வைப்பார்கள். அதில் 99 யார்டில் நின்றவர் பாவம். டிஃபென்ஸுக்கு, எதிரணி எவ்வளவு குறைவாகப் பாயின்ட் எடுத்ததோ அதற்கேற்பப் பரிசு உண்டு. இந்த அட்டவணை செயலிக்குச் செயலி மாறும். கிக்கர் இடத்தையே நீக்கிவிட வேண்டும் என்று இப்போது பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசி நொடியில் ஓர் உதையில் ஆட்டம் திரும்புவது அந்த விளையாட்டின் உயிர், அது நம் ஏட்டிலும் இருக்கட்டும்.

ஜெயித்தது யார் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்

இதுவரை பேசியது ஒரு வீரருக்கான பாயின்ட். அந்தப் பாயின்ட்டுகளை வைத்து லீக்கில் யார் முதலிடம் என்று முடிவு செய்வது இன்னொரு விஷயம். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

பெரும்பாலான லீக்குகள் ஹெட் டு ஹெட். ஒவ்வொரு வாரமும் ஒருவரோடு உங்களுக்கு மோதல். உங்கள் மொத்தம் அவரைவிட அதிகம் என்றால் ஒரு வெற்றி. இதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பன்னிரண்டு பேரில் இரண்டாவது அதிகமாக 138 எடுத்திருப்பீர்கள். உங்களோடு மோதியவர் 141 எடுத்து முதலில் வந்திருப்பார். உங்களுக்குத் தோல்வி. அதே வாரம் 84 எடுத்த ஒருவர் 79 எடுத்தவரைத் தோற்கடித்து வெற்றியோடு போவார்.

மோதலே வேண்டாம், சீசன் முழுக்க யார் அதிகம் சேர்த்தார் என்று மட்டும் பார்க்கலாம் என்பது மொத்தப் பாயின்ட் முறை. திறமையை அளக்க இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் ஆபீஸ் லீக்குக்கு நான் ஹெட் டு ஹெட்டையே விரும்புவேன். மொத்தப் பாயின்ட் லீக்கில் எட்டாம் வாரத்தில் பின்தங்கியவர் செயலியைத் திறப்பதையே நிறுத்திவிடுவார். ஹெட் டு ஹெட்டில் கடைசி இடத்தில் இருப்பவருக்கும் இந்த வாரம் டென்வரில் உட்கார்ந்திருக்கும் மேனேஜரை வீழ்த்தும் ஆசை இருக்கும். திங்கட்கிழமை மீட்டிங்கில் முகம் பார்க்காத இரண்டு பேர் பேசிக்கொள்ள அது ஒரு காரணம், அதன் மதிப்பு பெரியது.

இரண்டுக்கும் நடுவே ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. வாரம் ஒரு மோதலோடு, லீக்கின் நடு அளவையும் ஓர் எதிராளியாக வைப்பது. பன்னிரண்டு பேரில் அந்த வாரம் முதல் ஆறு பேருக்குள் வந்தால் கூடுதலாக ஒரு வெற்றி. அந்த 138 எடுத்தவருக்கு மோதலில் தோல்வி, நடு அளவுக்கு எதிராக வெற்றி. 84 எடுத்தவர் கீழ்ப்பாதியில் இருந்தால் அவருக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. அதிர்ஷ்டத்தின் பிடி தளர்கிறது, மோதலின் சுவையும் போகவில்லை. ஸ்லீப்பர் செயலியில் இதை ஒரே சுவிட்சில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கமிஷனரிடம், அதாவது லீக்கை நடத்துபவரிடம், கேட்டுப் பாருங்கள்.

ரோட்டிசெரி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புள்ளிவிவரத்திலும் அணிகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்குப் பாயின்ட் தரும் முறை. அது பேஸ்பாலுக்குப் பொருந்தும், ஃபுட்பாலில் அரிது. பெஸ்ட் பால் அப்படியல்ல, பெங்களூரில் இருக்கும் நமக்கு அது பெரிய வசதி. டிராஃப்டில் ஆட்களை எடுத்துவிட்டால் போதும். ஒவ்வொரு வாரமும் ஆட்டங்கள் முடிந்ததும் உங்கள் அணியில் அதிகம் எடுத்தவர்களைச் செயலியே பொறுக்கிக் கணக்கில் சேர்த்துவிடும். யாரை இறக்குவது என்ற கவலை இல்லை.

அது ஏன் வசதி என்றால், நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் நமக்கு இரவு 10:30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது 11:30 ஆகிவிடும். அன்று யார் ஆடவில்லை என்ற கடைசிப் பட்டியல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வரும். நமக்கு இரவு ஒன்பது, நவம்பருக்குப் பிறகு பத்து. அந்த நேரத்தில் ஒருமுறை செயலியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனால் பெரும்பாலும் போதும். வியாழன் இரவு ஆட்டம் நமக்கு வெள்ளி காலை 5:45. ஆகவே வியாழன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகே லைன்அப்பைச் சரிபார்த்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கிய நொடியில் அந்த வீரர் பூட்டப்படுவார், பிறகு மாற்ற முடியாது. திங்கள் இரவு ஆட்டமும் அப்படித்தான், செவ்வாய் விடியலில் தொடங்கும். ஆபீஸ் கேப் சில்க் போர்டில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது உங்கள் வாரத்தின் முடிவு கைபேசியில் வந்து விழும்.

விழுந்த முடிவும் சில சமயம் மாறும். என்.எஃப்.எல். புள்ளிவிவரத்தைப் பிறகு சரிபார்த்துத் திருத்துவார்கள். பின்னோக்கிப் போட்ட பந்து எறிந்ததாகச் சேராது, ஓட்டமாகத்தான் சேரும். பிடிக்கான பாயின்ட் கிடையாது. முன்னோக்கி ஓர் அங்குலம் தள்ளிவிட்டிருந்தால் அது பிடி. பி.பி.ஆர். லீக்கில் அந்த ஓர் அங்குலம் ஒரு முழுப் பாயின்ட். அரைப் பாயின்ட்டில் ஜெயித்திருந்தால் வாரத்தின் நடுவில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

என்.எஃப்.எல். சீசன் 2021 முதல் 18 வாரம், அணிக்கு 17 ஆட்டம். ஃபேண்டஸி லீக்குகள் பெரும்பாலும் 14 வாரம் மோதிவிட்டு 15, 16, 17-ஆம் வாரங்களில் நாக் அவுட் வைப்பார்கள். பதினெட்டாம் வாரத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்ட அணிகள் அந்த வாரம் பெரிய வீரர்களை உட்கார வைத்துவிடும். உங்கள் லீக்கின் இறுதி ஆட்டம் பதினெட்டாம் வாரம் என்று போட்டிருந்தால், டிராஃப்டுக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

காசு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட லீக்குகளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஜெயித்தவருக்குக் கொடுப்பது வழக்கம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. ட்ரீம்11 போன்ற செயலிகளே காசுப் போட்டிகளை நிறுத்திவிட்டன. ஆகவே இங்கிருந்து சேர்பவர்கள் இலவச லீக்கில் மட்டும் சேருங்கள். காசு கேட்டால் நிலைமையைச் சொல்லி மறுத்துவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அழைப்பை ஏற்றுக்கொண்ட அன்றே லீக்கின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து முழுவதும் படியுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. பிடிக்கு எவ்வளவு, எறியும் டச்டவுனுக்கு எவ்வளவு, எத்தனை குவார்ட்டர்பேக், வாரம் ஒரு மோதலா இரண்டா, நாக் அவுட் எந்த வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். செயலியில் டிராஃப்டை ஒத்திகை பார்க்கும் வசதி இருக்கும். அதில் உங்கள் லீக்கின் விதிகளையே போட்டு இரண்டு மூன்று முறை ஆடிப் பாருங்கள். எந்தச் சுற்றில் யார் போகிறார்கள் என்று கண்ணுக்குப் பழகிவிடும். விதியில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் டிராஃப்ட் நாளுக்கு முன்னால் குழுவில் கேளுங்கள். ஆட்களை எடுத்த பிறகு பாயின்ட் விதியை மாற்ற யாராவது கேட்டால், அது உங்களுக்கு லாபமாக இருந்தாலும், அடுத்த சீசனுக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.